எங்கள் கொயரோடு ஒரு குண்டுகரிச்சானும் பாடுகிறது. நாங்கள் பாடுவதைக் கேட்டுத்தான் பாடுகிறதா?

ஆல்ட்டோ வரிசை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சேகரத்தின், அதாவது கிறிஸ்தவ சபையின், பாடகர் குழுவில் 22 வருஷமாக ஆல்ட்டோ பாடுகிறேன். ஆல்ட்டோ என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: நாலு குரலில் பாடும்போது மெட்டு சொப்ரானோக்காரர்களுக்குப் போய்விடும். அடியில் பேஸ், நடுவில் டெனர். மெட்டுக்குக் கீழே ஒட்டினாற்போல, பாதி நேரம் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் நாங்கள். வீட்டில் தனியாகப் பாடிப் பார்த்தால் அது பாட்டு மாதிரியே இருக்காது. என் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, "அம்மா பாட்டை மறந்துட்டுப் பாடுறா" என்று அவள் அப்பாவிடம் போய்ச் சொன்னாள்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களில் எங்களுக்குக் காலை ஐந்தரைக்குப் பயிற்சி. டெனரில் இருக்கும் மூன்று பேரில் ஒருவர் பஸ் கண்டக்டர், இரண்டு பேர் வாத்தியார்கள். அவர்களுக்கு வேறு நேரம் ஒத்துவராது. கோயிலுக்குப் பின்னால் பெரிய வேம்பு ஒன்று நிற்கிறது. அதன் உச்சியில் கறுப்பும் வெள்ளையுமாக, வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு குருவி தினமும் வந்து உட்காருகிறது. குண்டுகரிச்சான் என்று, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை சொன்னார். நாங்கள் ஒரு பாட்டை எடுத்தால் அதுவும் எடுக்கிறது. நாங்கள் நிறுத்தினால் ஒரு நீண்ட விசில் அடித்து, கடைசியில் ஒரு சுழி சுழித்து முடிக்கிறது. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

கேட்க வந்தது இதுதான். மூன்று வாரத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை, பாட்டின் நடுவில் கரண்ட் போய்விட்டது. கீபோர்டு செத்தது, ஆறு ஃபேனும் மெல்ல நின்றன. இரண்டு செல்போன் டார்ச்சை வைத்துக்கொண்டு மீதிப் பாட்டை வெறும் குரலிலேயே பாடினோம். கடைசி வரியில் எனக்கு 'மி', அதாவது டோ-ரே-மியில் மூன்றாவது சுரம். பிடித்தேன். பக்கத்தில் இருந்தவர்களும் பிடித்தார்கள். அப்போது தலைக்கு மேலே, எங்களில் யாருமே பாடாத ஒரு மெல்லிய குரல் கேட்டது. முதலில் குருவி என்றுதான் நினைத்தேன். இல்லை, அது கோயிலுக்கு உள்ளே கேட்டது. நாங்கள் மூச்சை விட்டதும் அது போய்விட்டது. அடுத்த நொடி வெளியே வேம்பிலிருந்து நிஜக் குருவி ஆரம்பித்தது. எங்கள் கொயர் மாஸ்டர் ஒவ்வொரு பாட்டுக்கும் பத்துக் குறை சொல்பவர். அன்றைக்குத் தூக்கிய கையை இறக்கவே இல்லை. கூடப் பாடிய ஒரு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேர்க்குது" என்றார்.

அந்தக் குருவி எங்களைக் கேட்டுத்தான் பாடுகிறதா? எங்கள் சுருதியில் பாடுகிறதா? அன்றைக்கு மட்டும் ஏன் அப்படி இருந்தது? கரண்ட் வந்த பிறகு எவ்வளவு முயன்றும் அந்தக் குரல் வரவில்லை.

வேப்பங்கிளை

அக்கா, நான் பறவை பார்க்கிற ஆள், பாட்டு ஞானம் பூஜ்யம். குருவி வரைக்கும் சொல்கிறேன்.

நீங்கள் பார்ப்பது ஆண். பெண்ணுக்குக் கறுப்பு இருக்கும் இடத்தில் சாம்பல் இருக்கும். மார்ச்சில் இனப்பெருக்கக் காலம் தொடங்கும்போது ஆண் ஊரிலேயே உயரமான இடமாகப் பார்த்து உட்கார்ந்து பாட ஆரம்பிக்கும். பெண்ணுக்கு அழைப்பு, பக்கத்து ஆணுக்கு "இது என் எல்லை" என்ற எச்சரிக்கை. லெந்தும் அதே மாதங்களில் வருவதால் உங்கள் பயிற்சியும் அதன் பாட்டும் ஒன்றாக மாட்டிக்கொண்டன. விடியலில் காற்று அடங்கியிருக்கும், குரல் தூரம் போகும். பூச்சி பிடிக்க வெளிச்சமும் பற்றாது. பாடுவதைத் தவிர வேறு வேலை கிடையாது.

ஆகவே உங்களுக்காகப் பாடுகிறது என்று சொல்ல மனசு வரவில்லை, மன்னிக்கவும். ஆனால் உங்கள் சத்தம் அதை ஒன்றுமே செய்யாது என்றும் சொல்ல முடியாது. பெர்லினில் நைட்டிங்கேல் என்ற பாடும் பறவைகளை அளந்து பார்த்து 2004இல் எழுதினார்கள்: போக்குவரத்துச் சத்தம் கூடிய இடத்தில் இருப்பவை இன்னும் உரக்கப் பாடின. சந்தையில் நாம் குரலை உயர்த்துவது போலத்தான். நீங்கள் எல்லாரும் சேர்ந்து பாடும் சத்தத்துக்கு அதுவும் கொஞ்சம் தொண்டையை ஏற்றலாம்.

இன்னொன்று உங்களுக்குப் பிடிக்கும். நமக்குக் குரல் வருவது மூச்சுக்குழாயின் மேல் முனையில். பறவைக்கு அது அடி முனையில், குழாய் இரண்டு நுரையீரலுக்கும் பிரிகிற கவட்டையில் இருக்கிறது. பாடும் பறவைகளால் இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் தனித்தனியாக இயக்க முடியும். அமெரிக்காவின் உட் த்ரஷ் என்ற பறவை ஒரே நேரத்தில் இரண்டு சுரம் பாடும். நீங்கள் பக்கத்தில் நாலு பேரை நிறுத்திச் செய்வதை அது ஒற்றைத் தொண்டையில் முடித்துவிடுகிறது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பயிற்சி இல்லாத நாளில் அதே நேரத்துக்குப் போய் நில்லுங்கள். பறவைக் குரலை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியைத் திறந்து வைத்தால் அதன் பாட்டு படமாகவே ஓடும்.

சுருதிப்பெட்டி

அம்மா, மாம்பலத்தில் முப்பது வருஷமாகக் கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறேன். எங்களிடம் உங்கள் மாதிரி நாலு குரல் கிடையாது, ஒரே ராகம், ஒரே கோடு. அதனால் கொயரைப் பற்றிப் பேச எனக்கு அருகதை உண்டா என்று தெரியவில்லை. ஆனாலும் உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடை தம்புராவிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கரண்ட் போனதால்தான் அது நடந்தது.

நல்ல தம்புராவின் மந்தர ஸட்ஜத் தந்தியை, அதாவது கீழ் 'ஸ' தந்தியை, மட்டும் மீட்டிவிட்டுக் காதை வைத்துக் கேளுங்கள். கொஞ்ச நேரத்தில் அந்தத் தந்திக்குள்ளிருந்தே அந்தர காந்தாரம், அதாவது ஸ-ரி-கவில் வரும் 'க', கேட்கும். யாரும் மீட்டாத சுரம். ஒரு ஒலி எழும்பினால் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நாலு மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வுகளும் கூடவே எழும்பும். அதில் ஐந்து மடங்கு அதிர்வுதான் இந்தக் காந்தாரம். உங்கள் கடைசி 'மி' இருக்கிறதே, அதுதான் எங்கள் அந்தர காந்தாரம்.

இப்போது கீபோர்டுக்கு வருவோம். எந்தச் சுருதியில் வாசித்தாலும் ஓரளவு சரியாக இருக்கட்டும் என்று அதில் பன்னிரண்டு சுரங்களையும் சம இடைவெளியில் வைத்திருக்கிறார்கள். அதனால் அதன் காந்தாரம் இயற்கையான காந்தாரத்தைவிடக் கொஞ்சம் ஏறி நிற்கும். ஒரு அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் சுமார் 14 பங்கு. கேட்பவர்களுக்குத் தெரியாது. பாடுகிறவர்களின் தொண்டைக்குத் தெரியும். கீபோர்டு ஓடும்போது நீங்கள் அதன் பின்னால் போயிருப்பீர்கள். அது செத்ததும் பேஸ்காரர்கள் கொடுத்த அடிச்சுரத்தைக் கேட்டு, அறியாமலே அந்த 14 பங்கைக் கீழே இறக்கியிருப்பீர்கள். அப்போது எல்லாருடைய மேல் அதிர்வுகளும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, தனிக் குரலாகவே மேலே கேட்கும். பக்கத்தில் ஆறு ஃபேன் ஓடினால் அது எங்கே கேட்கப்போகிறது?

ஒத்துப்போகாத இரண்டு குரலுக்கு ஒரு விம்மல் உண்டு. 440 அதிர்வும் 443 அதிர்வும் சேர்ந்து ஒலித்தால் வினாடிக்கு மூன்று தடவை 'வவ் வவ் வவ்' என்று அடிக்கும். சேர்ந்து போகப் போக அடிப்பது மெதுவாகி, ஒரு இடத்தில் நின்றுவிடும். அந்த நிற்கிற இடத்துக்காகத்தான் நான் இத்தனை வருஷமாக விடியலில் எழுந்து ஸட்ஜம் பிடிக்கிறேன். என் மனைவி இதைப் பைத்தியம் என்பாள்.

குருவி உங்கள் சுருதியில் பாடுகிறதா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை. குயில் பஞ்சமத்தில் கூவும் என்று நூல்களில் இருக்கிறது. ஒரு சித்திரை மாதம் ட்யூனரைக் கையில் வைத்துக்கொண்டு மாடியில் உட்கார்ந்து பார்த்தேன். மகராசன் எந்த சுரத்திலும் நிற்கவில்லை. ஒவ்வொரு கூவலுக்கும் கொஞ்சம் ஏறி, ஏறி, முடியாத இடத்தில் டக்கென்று நிறுத்திவிட்டு, மறுபடி கீழிருந்து ஆரம்பித்தார். மகராசன் என்றுதான் சொல்ல வேண்டும், கூவுவது ஆண் குயில். பாடுகிற பெண்களையெல்லாம் குயில் என்று மேடையில் புகழ்கிறவர்களுக்கு இதை யார் சொல்வது?

வேப்பங்கிளை

சார், சுருதி விஷயத்தில் பறவைகளை மொத்தமாகத் தள்ளிவிட வேண்டாம். வட அமெரிக்காவின் ஹெர்மிட் த்ரஷ் என்ற பறவையின் பாட்டுகளை அலசி 2014இல் ஒரு ஆய்வு வந்தது. அது தேர்ந்தெடுக்கும் சுரங்கள் பெரும்பாலும் நீங்கள் சொன்ன அதே மடங்கு வரிசையில் விழுகின்றன. ஆனால் நைட்டிங்கேல் ரென் என்ற இன்னொன்றை அதற்கு இரண்டு வருஷம் முன்பு பார்த்தபோது அப்படி ஒன்றும் தேறவில்லை. பறவைக்குப் பறவை கதை வேறு.

அக்காவுக்கு ஒரு கணக்கு: ஆல்ட்டோ பாடுவது சுமார் 200 முதல் 600 ஹெர்ட்ஸ். குண்டுகரிச்சான் பெரும்பாலும் 2000க்கு மேலே. உங்கள் 400ஐ மூன்று ஸ்தாயி ஏற்றினால், அதாவது மூன்று தடவை இரட்டித்தால், 3200. உங்களோடு பாடினாலும் அது மூன்று மாடி மேலே நின்றுதான் பாடும்.

பனங்கூடல்

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் வளவில் ஒரு சோடிச் செண்பகம் இருக்கிறது, நீங்கள் செம்போத்து என்பீர்கள். ஒன்று 'ஊப் ஊப் ஊப்' என்று தொடங்கினால் வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து மற்றது சேர்ந்துகொள்ளும். இரண்டும் ஒரே சுரம் இல்லை, ஒன்று கட்டைக் குரல். அதுதான் ஆண் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். பறவை தெரிந்த ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன், கீழ்க்குரல் பெண்ணுடையதாம். உடலிலும் பெண்தான் கொஞ்சம் பெரிது.

அக்கா, உங்கள் கட்சி.

ஆல்ட்டோ வரிசை

பனங்கூடல், இதைப் படித்துவிட்டு அடுப்படியில் தனியாகச் சிரித்தேன். எங்கள் ஆல்ட்டோ வாட்ஸ்அப் குழுவின் படத்தை நேற்றிரவே செம்போத்துக்கு மாற்றியாயிற்று.

வேப்பங்கிளைத் தம்பி சொன்ன சோதனையைச் செய்தேன். செவ்வாய்க்கிழமை பயிற்சி கிடையாது. ஐந்து மணிக்கே போய் வேம்புக்குக் கீழே கல்லில் உட்கார்ந்தேன். கோயில்பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது சண்டையா என்று விசாரித்தார். ஐந்து இருபத்தி மூன்றுக்குக் குருவி ஆரம்பித்தது. யாருமே பாடவில்லை. அதே விசில், அதே சுழி. நாங்கள் வராததற்கு ஒரு வருத்தமும் இல்லை அதற்கு. நாங்கள் வந்த பிறகு அது எடுக்கவில்லை, அது எடுத்த பிறகுதான் நாங்கள் கதவைத் திறக்கிறோம். இத்தனை நாளும் அதன் பாட்டுக்கு நடுவில் போய் நாங்கள் நுழைந்திருக்கிறோம்.

கொஞ்சம் ஏமாற்றம்தான், மறைக்க மாட்டேன். அப்புறம் அந்தக் கல்லில் உட்கார்ந்தபடியே செல்போன் திரையைப் பார்த்தேன். மெல்லிய கோடுகள், கொக்கிகள், ஒரு வளையம். கீழே கறுப்பாக நிறைய இடம் காலி. என் வரியை மெதுவாகப் பாடினேன், வெறும் ஆல்ட்டோ வரி, மெட்டு இல்லாமல். திரையின் அடியில் தடித்த படுக்கைக் கோடாக வந்தது. குருவியின் கோடுகள் மேலே, என்னுடையது கீழே, ஒன்றோடு ஒன்று இடிக்கவில்லை. அது நிறுத்தவும் இல்லை, பறந்து போகவும் இல்லை. 22 வருஷத்தில் என் வரியைத் தனியாகப் பாடி ஒருவர் முகம் சுளிக்காமல் இருந்தது அன்றைக்குத்தான்.

சுருதிப்பெட்டி ஐயா, உங்கள் பதிலை அச்செடுத்துக் கொயர் மாஸ்டரிடம் கொடுத்தேன். கீபோர்டைக் குறை சொன்னது பிடிக்கவில்லை, அதை வாசிப்பது அவர் மருமகன். இரண்டு நாள் பேசவில்லை. வெள்ளிக்கிழமை அவராகவே, "அந்தப் பதினாலு பங்கு என்னது, இன்னொரு தடவை சொல்லும்மா" என்றார். ஃபேனையும் கீபோர்டையும் நிறுத்திவிட்டுக் கடைசி வரியை மட்டும் ஏழு தடவை பாட வைத்தார். ஐந்தாவது தடவை வந்தது. ஒரு மூச்சு நேரம் நின்றது, சொப்ரானோவில் ஒரு சின்னப் பெண் "யாரு?" என்று அண்ணாந்து பார்த்ததும் கலைந்துவிட்டது.

ஈஸ்டர் ஆராதனை நாலரைக்கு. நற்கருணை முடிய ஐந்தே முக்கால் ஆகும், அதற்குள் வேம்பில் ஆள் வந்துவிடும். கடைசிப் பாட்டைக் கீபோர்டு இல்லாமல் பாடலாம் என்று முடிவாகியிருக்கிறது. சபை நிறைந்து கிடக்கும் நேரத்தில், அந்தப் புழுக்கத்தில், ஆறு ஃபேனையும் யார் போய் அணைப்பது என்பதில்தான் இப்போது சண்டை. கண்டக்டர் அண்ணன், சுவிட்சு தன் பக்கம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.