ஊழியப் பயணத்தில் உண்டான உறவு: மறுபடி அதே ஊருக்குப் போவதா, வேறு ஊருக்கா?

கெடிலக்கரை (கடலூர், மஞ்சக்குப்பம்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த மே மாதம் எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்திலிருந்து பன்னிரண்டு பேர் கல்வராயன் மலையில் உள்ள ஒரு சிற்றூருக்கு ஆறு நாள் ஊழியப் பயணமாகப் போய்வந்தோம். விடியற்காலையில் வேனில் புறப்பட்டு, பண்ருட்டி, உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி வழியாகக் கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலை ஏறத் தொடங்கும் வரை எங்களில் பாதிப் பேர் ஒருவரோடொருவர் சரியாகப் பேசியதுகூடக் கிடையாது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவரவர் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள்தாம் நாங்கள். காலையில் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி, பகலில் ஜெபக்கூடத்துக்கு வெள்ளையடிப்பு, மாலையில் வீடு சந்திப்பு என்று நாட்கள் ஓடின. மூன்றாம் நாள் இரவு கோடை மழை பிடித்துக்கொண்டது. கூடத்தின் ஓடுகள் ஒழுகின. பன்னிரண்டு பேரும் ஒரே தார்ப்பாயின் கீழ் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, கீர்த்தனை தெரிந்தவர்கள் கீர்த்தனையும் தெரியாதவர்கள் சினிமாப் பாட்டுமாக விடியும் வரை பாடிக்கொண்டிருந்தோம். கூடப் பிறந்தவர்களோடுகூட நான் அப்படி ஓர் இரவைக் கழித்ததில்லை.

ஊர் திரும்பிய புதிதில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நாள் முழுவதும் பேச்சு ஓயாது. இப்போது ஐப்பசி, பிறந்தநாள் வாழ்த்தைத் தவிர அதில் எதுவும் வருவதில்லை. அந்த இரவின் நெருக்கம் மெய்யானதா, களைப்பிலும் மழையிலும் உண்டான ஒரு மயக்கமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. அங்கே ஏழு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி, முன்பற்கள் இரண்டும் விழுந்தவள், ஆறு நாளும் என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள். வேன் கிளம்பும்போது, “அடுத்த வருசமும் வருவியாக்கா?” என்று கேட்டாள். கொஞ்சமும் யோசிக்காமல், “வருவேன்” என்று சொல்லிவிட்டேன். இப்போது எங்கள் குழுவினர் வரும் மே மாதத்துக்கு ஜவ்வாது மலையில் புதிதாக ஓர் ஊரைத் தேர்ந்திருக்கிறார்கள். ஒரே ஊருக்குப் போய்க்கொண்டிருந்தால் மற்ற ஊர்களுக்கு எப்போது போவது என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழைய ஊருக்கே போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது சரியா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தாழங்குடாச் சாலை எழுதியது:

மகளே, நான் மிஷன் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் காலை ஆராதனையில் இருந்தபோது, கடல் ஊருக்குள் புகுந்துவிட்டது என்று ஒருவர் வாசலில் நின்று கத்தினார். இந்த மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் மாண்டார்கள். அதன் பிறகு தேவனாம்பட்டினத்துக்கும் தாழங்குடாவுக்கும் சோனங்குப்பத்துக்கும் எத்தனை குழுக்கள் வந்தன என்பதற்குக் கணக்கே இல்லை. லாரி லாரியாக வந்து இறங்கிய பழந்துணி உடுத்துவாரற்றுச் சாலையோரத்தில் மட்கிக் கிடந்ததையும் பார்த்தேன். சேற்றில் இறங்கிப் பேசாமல் வேலை செய்தவர்களையும் பார்த்தேன்.

நாகர்கோவில் பக்கத்துச் சபையொன்றிலிருந்து ஆறு வாலிபர்கள் வந்திருந்தார்கள். மற்ற ஐந்து பேரும் அரிசி மூட்டைகளைப் பங்கிடப் போயிருந்த ஒரு பகலில், ஒருவன் மட்டும் தார் அட்டைக் கொட்டகை வாசலில் மணலும் முள்ளுமாய்ச் சுருண்டு கிடந்த வலையைப் பிரித்துக்கொண்டிருந்த கிழவர் அருகில் போய் உட்கார்ந்து, தனக்கும் அந்த வேலையைக் கற்றுத்தரச் சொன்னான். கிழவர் பெற்ற மகளை அலைக்குக் கொடுத்தவர். இரண்டு வாரமாக யாரோடும் பேசவில்லை. இவன் நைலான் நூலில் விரலை அறுத்துக்கொண்டதையும் முடிச்சைத் தலைகீழாகப் போட்டதையும் பார்த்து, “மீன் என்ன, திமிங்கலமே இதுல பூந்து போயிடும்டா” என்றார். அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான்.

அந்தப் பையன் அடுத்த டிசம்பரில் தனியாக வந்தான். அதற்கடுத்த டிசம்பரிலும் வந்தான். அவன் கல்யாணத்துக்குக் குப்பத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் நாகர்கோவிலுக்குப் போனார்கள். கிழவர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர், கடைசி வரையிலும் அப்படியே இருந்தார்; அவர் இறந்தபோது பாடையைத் தூக்கிய நால்வரில் இவனும் ஒருவன். மற்ற ஐவரும் கெட்டவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் கொடுத்துவிட்டுப் போனார்கள். இவன் ஒன்றை வாங்கிக்கொண்டு போனான். வாங்கிக்கொண்டவனுக்குத்தான் திரும்பி வரக் காரணம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

மலை ஊழியம் என்றதும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரி எவலின் பிராண்ட் அம்மையார் நினைவுக்கு வருகிறார். கொல்லிமலையில் நரம்புச்சிலந்தி நோயோடு போராடிய அவர் கணவர் ஜெஸ்ஸி பிராண்ட் 1929இல் காய்ச்சலில் இறந்தார். அம்மையாரோ மிஷன் சங்கத்தின் ஓய்வு வயதைக் கடந்த பிறகும் மலைக்கே திரும்பி, கொல்லிமலையோடு நிற்காமல் உன் கல்வராயன் மலைக்கும் பச்சைமலைக்கும் போய் ஊழியம் செய்து, 1974இல் 95ஆம் வயதில் காலமாகி, கணவர் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கமானார். ஆகவே பழைய ஊருக்கே போ என்பதுதான் என் பதில். வாட்ஸ்அப்பில் பேச்சு வற்றிப்போனதற்காக வருந்தாதே. கூட மழையில் நனைந்தவர்களை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டுப் பார், யார் வருகிறார்கள் என்று தெரியும்.

புதுவை இளையோன் எழுதியது:

பெரியவர் எழுதியதைப் படித்தபோது கண் கலங்கியது. ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்தை வைக்க வேண்டியிருக்கிறது. எவலின் அம்மையார் மலையிலேயே வாழ்ந்தவர். வருடத்தில் ஆறு நாள் போய்வருகிறவர்களை அவரோடு சேர்த்துப் பேசுவது நியாயம் ஆகாது. எங்கள் பங்கின் இளையோர் குழு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஒரே ஊருக்குப் போனது. மூன்றாம் ஆண்டில் நாங்கள் வருவதற்கென்றே அந்த ஊரார் கோவில் சுவருக்கு வெள்ளையடிக்காமல் வைத்திருந்தார்கள்! எங்களை மகிழ்விக்கத்தான் அப்படிச் செய்தார்கள் என்று பிறகுதான் புரிந்தது. யாருக்கு யார் ஊழியம் செய்தோம் என்று இன்றும் சிரித்துக்கொள்வோம். சிரிப்பில் கொஞ்சம் வெட்கமும் உண்டு.

அதற்குப் பிறகு 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. நகரத்தில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. இரண்டு நாள் கழித்துச் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கரையோர ஊர்களை மூழ்கடித்தது. அந்த வாரம் நாங்கள் மலைக்குப் போகவில்லை. மண்வெட்டியும் துடைப்பமுமாகப் பாகூர்ப் பக்கம் போனோம். இருபது கிலோமீட்டர்தான். ஒரு வீட்டில் சேற்றை வாரிக்கொட்டிவிட்டு, நனைந்த நெல் மூட்டையைப் பிரித்து மொட்டைமாடியில் உலர்த்திக் கொடுத்தோம். அந்த வீட்டு அம்மா இன்றும் பொங்கலுக்கு எங்களைக் கூப்பிடுகிறார். எங்களில் ஒருவனுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது கீழாநெல்லியைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு பேருந்தில் வந்து நின்றார். நினைத்த நேரத்தில் போய்வர முடிகிற தொலைவு அது. மலை ஊருக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த ஊருக்குப் போவது என்று முடிவு செய்யும் முன்பு அங்கே குடியிருந்து சபையைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியாரிடமோ ஊர்ப் பெரியவரிடமோ, “எங்களால் உங்களுக்கு ஏதாவது ஆகவேண்டியது உண்டா, எந்த மாதத்தில் வரலாம்?” என்று யாராவது கேட்டீர்களா என்பதுதான் என் கேள்வி.

இன்னொன்று: அந்தச் சிறுமியோடு தொடர்பு வைத்துக்கொள்வதாக இருந்தால் பெற்றோருக்குத் தெரிந்து, அவர்கள் வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மலையோரத்தான் (தற்போது கடலூர் சிப்காட் பகுதி) எழுதியது:

இந்தத் திரியை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை எழுதியவர்கள் எல்லாரும் போனவர்கள். நான், இப்படிப்பட்ட குழுக்கள் வந்திறங்கிய ஊரில் பிள்ளையாக இருந்தவன். கல்வராயன் மலைதான், ஊர்ப்பெயர் வேண்டாம்.

குழு வருகிறது என்றால் எங்களுக்குத் திருவிழா. அதில் பொய்யில்லை. ஆனால் உங்கள் கண்ணில் படாத சிலவற்றைச் சொல்கிறேன். பன்னிரண்டு பேர் குளிக்கவும் சமைக்கவும் எங்கள் அம்மாமார் ஊற்றுக்கு நாளுக்கு நான்கு நடை கூடுதலாகப் போனார்கள். நல்ல பாய்கள் எல்லாம் ஜெபக்கூடத்துக்குப் போய்விடும். நாங்கள் சாக்கு விரித்துப் படுப்போம். கடைசி நாள் விருந்துக்கு அடித்த கோழி, முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழி. இதை யாரும் உங்களிடம் சொல்லமாட்டார்கள், சொன்னால் விருந்தாளி முகம் வாடும் என்று. மே மாதம் உங்களுக்கு விடுமுறை. எங்கள் ஊரில் அப்போது பாதிப் பேர் கூலி வேலைக்குக் கீழே இறங்கியிருப்பார்கள். கிழவர்களையும் பிள்ளைகளையும் மட்டும் பார்த்துவிட்டு, ஊரைப் பார்த்துவிட்டதாக எழுதுவீர்கள்.

பிறகு, அந்தப் “பார்க்கலாம், வருவோம்” என்ற சொல். நாங்கள் நாட்களை எண்ணினோம், அக்கா. மூன்றாம் வகுப்பில் எனக்குக் கணக்கு வந்ததே அப்படித்தான் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஒரு குழு வராமல் போன வருடம் அழுதேன். அடுத்த குழு வந்தபோது பக்கத்தில் போகவில்லை. பெரிய காயம் என்று சொல்லமாட்டேன். பிள்ளைகள் சீக்கிரம் தேறிவிடுவார்கள், ஆனால் சீக்கிரம் கற்றுக்கொண்டும் விடுவார்கள்.

குழுக்களில் எத்தனையோ அண்ணன்கள் எங்களைப் படம் எடுத்தார்கள். பிரதி அனுப்புவதாக எல்லாரும் சொன்னார்கள். ஒருவர் மட்டும் அனுப்பினார். நான்கு மாதம் கழித்து, உபதேசியார் பெயருக்குத் தபாலில் ஒரு பழுப்பு உறை வந்தது. உள்ளே ஒன்பது படங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் யார் வீட்டில் கொடுக்க வேண்டும் என்று பென்சிலால் எழுதியிருந்தது. எங்கள் ஆயா திண்ணையில் சாமை புடைத்துக்கொண்டிருக்கும் படம் அதில் ஒன்று. ஆயாவுக்கு வேறு படம் கிடையாது. அது இன்றைக்கும் எங்கள் வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்குகிறது. அந்த அண்ணன் மறுபடி ஒருமுறைகூட எங்கள் ஊருக்கு வரவில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் அவரை வராதவர் என்று யாரும் சொல்வதில்லை.

ஆகவே உங்கள் குழு ஜவ்வாது மலைக்குப் போகட்டும். நீங்கள் சொன்ன சொல் உங்களுடையது; அதற்கு வேனும் பதாகையும் பன்னிரண்டு பேரும் தேவையில்லை. இரண்டு மூன்று பேர் தை மாதத்தில் பேருந்து ஏறிப் போங்கள், அறுவடை முடிந்து ஆட்கள் ஊரில் இருப்பார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் அரிசியை நீங்களே கொண்டுபோங்கள். ஒரு நாள் தங்கினால் போதும்.

கெடிலக்கரை எழுதியது:

ஐயா, இரண்டு அண்ணன்மார், மூவருக்கும் நன்றி. பதில் எழுதப் பத்து நாள் ஆகிவிட்டது, சும்மா இருக்கவில்லை.

முதலில் அந்த ஊர் உபதேசியாருக்குப் போன் செய்தேன். புதுவை அண்ணன் கேட்ட கேள்வியை அப்படியே கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, வெள்ளையடித்த சுவர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மழையில் ஒழுகிய ஓடுகள் இன்னும் மாற்றப்படவில்லை, முப்பது நாற்பது ஓடுகள் இருந்தால் போதும் என்றார். அந்த ஒழுகலின் கீழ் உட்கார்ந்து விடிய விடியப் பாடிய எங்களில் ஒருவருக்காவது, இறங்கும் முன் அதைச் சரிசெய்ய வேண்டும் என்று தோன்றவில்லை என்பதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. அடுத்த நாளும் சுவருக்குத்தான் சுண்ணாம்பு அடித்தோம்.

வாட்ஸ்அப் குழுவில், தை மாதம் இரண்டாம் சனிக்கிழமை ஓடு மாற்றப் போகிறேன், யார் வருகிறீர்கள் என்று மட்டும் போட்டேன். பதினொரு பேரில் மூன்று பேர் வருவதாக எழுதினார்கள். அவர்களில் ஒருவர், அன்றிரவு சினிமாப் பாட்டுப் பாடியதற்காக என்னிடம் திட்டு வாங்கியவர். இன்னும் இரண்டு பேர் ஓட்டுக்குப் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் பதிலே போடவில்லை. அவர்கள்மீது எனக்கு மனத்தாங்கலும் இல்லை.

படங்களைப் பிரதி எடுத்தாயிற்று, இருபத்திரண்டு. பின்பக்கம் பெயர் எழுத உட்கார்ந்தபோது, ஆறு நாள் சோறு போட்ட வீடுகளில் ஐந்து வீட்டுக்காரர்களின் பெயர் எங்கள் யாருக்குமே தெரியவில்லை. மறுபடி உபதேசியாரைக் கூப்பிட்டு, படங்களை அனுப்பி ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். அந்தச் சிறுமியின் அம்மாவும் அப்போது பேசினார். பிள்ளைக்கு முன்பற்கள் முளைத்துவிட்டனவாம்.

மலையோரத்தான் அண்ணனிடம் ஓர் உதவி: கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குக் காலையில் முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்ல முடியுமா? ஓடுகளைப் பேருந்தில் ஏற்ற விடுவார்களா, கச்சிராயபாளையத்திலேயே வாங்கி வண்டி பிடிக்க வேண்டுமா என்பதும் தெரிந்தால் நல்லது.