நகை போச்சா? எடையும் அடையாளமும் கையில இருக்கட்டும்

டவுன் ஆசாரி

காணோம்னு தெரிஞ்ச உடனே வீட்டைப் பெருக்காதீங்க, குழாயைத் திறக்காதீங்க. வீட்டுக்குள்ள கிடக்கிற நகையை வெளியே அனுப்புறது இந்த ரெண்டும்தான். 22 காரட் தங்கம் தண்ணியைவிடப் பதினேழு மடங்குக்கு மேல கனம். கழுவுதொட்டியில விழுந்த மோதிரம் லேசுல ஓடிராது, அடியில உள்ள வளைவுக் குழாயில தங்கும். கீழ வாளி வச்சு, வளைவோட ரெண்டு மூடியையும் திருகிக் கழற்றி, விழுற சகதியை வெள்ளைத் துணியில வடிகட்டுங்க. கம்மல் திருகாணி தரையில விழுந்திருந்தா லைட்டை அணைச்சிட்டு, டார்ச்சைத் தரையோட தரையா படுக்கவச்சு அடிக்கணும். சின்னப் பொருளுக்கும் நிழல் நீளமா விழும், கண்ணுல பட்டுரும்.

தாமிரபரணி ஆத்துல, குறுக்குத்துறையிலயோ பாபநாசத்துலயோ குளிக்கையில போயிருந்தா, உடனே நாலு பேர் முங்கித் தேடுறது தப்பு. மணல் கலங்கி நகை இன்னும் கீழ போயிரும். நின்ன இடத்துல ஒரு கம்பை ஊனி, எல்லாரையும் கரையேத்தி, தண்ணி தெளிஞ்ச பிறகு மணலை அள்ளிச் சல்லடையில அரிக்கணும்.

இன்னொண்ணு. செயின்ல ஒரு துண்டு மட்டும் மிஞ்சியிருந்தா அந்த முனையைப் பாருங்க. வளையம் மெலிஞ்சு தேய்ஞ்சிருந்தா தானா அறுந்தது. விரிஞ்சு நீண்டிருந்தா யாரோ இழுத்தது. தட்டையா நசுங்கியிருந்தா கட்டர் பட்டது. அந்தத் துண்டைத் துடைக்காம, புகாரோட சேத்துக் காட்டுங்க.

ஓய்வுபெற்ற ஏட்டு, பாளை

ஆசாரி அண்ணாச்சி சொன்ன முனை விஷயம் முக்கியம். பை ஜிப் அறுபட்டிருக்கும்போது மனுவில் "தொலைந்துவிட்டது" என்று எழுதினால், சி.எஸ்.ஆர். ரசீதோடு விஷயம் படுத்துவிடும். அது மனு வாங்கியதற்கான ரசீதுதான், வழக்கு இல்லை. திருட்டு என்றால் திருட்டு என்றே எழுதி எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். நகல் இலவசம்.

2024 ஜூலை 1 முதல் பழைய ஐ.பி.சி.க்குப் பதில் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) சட்டம். சாதாரணத் திருட்டு 303, செயின் பறிப்பு போன்ற பறிப்பு 304, வீட்டுக்குள்ளும் பஸ், ரயிலிலும் திருடினால் 305. பஸ்ஸில் போன நகைக்கு 303 மட்டும் போட்டிருந்தால் கேட்டுத் திருத்துங்கள்.

எல்லைத் தகராறுதான் நம்ம ஊரில் பெரிய இழுபறி. நெல்லை டவுனில் ஏறி ஆலங்குளம் தாண்டிப் பார்த்தால் கழுத்து காலி. மாநகரமா, நெல்லை மாவட்டமா, தென்காசியா? பி.என்.எஸ்.எஸ். (பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதில் வந்த குற்ற நடைமுறைச் சட்டம்) 173-ன்படி எந்த ஸ்டேஷனும் எல்லை பார்க்காமல் புகாரைப் பதிய வேண்டும், பிறகு உரிய இடத்துக்கு அனுப்பிக்கொள்வார்கள். ஆன்லைனில் கொடுத்தால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திடணும். மறுத்தால் எழுத்து மூலமாக எஸ்.பி.க்கு, மாநகரம் என்றால் கமிஷனர் அலுவலகத்துக்கு, தபாலில் அனுப்புங்கள். ரயில் என்றால் 139, அல்லது நெல்லை ஜங்ஷன் ரயில்வே போலீஸ்.

பஸ் ஓடும்போதே தெரிந்தால் கூச்சல் போட்டு இறங்காதீர்கள். கதவைத் திறக்காமல் வண்டியை அப்படியே ஸ்டேஷனுக்கு விடச் சொல்லிக் கண்டக்டரிடம் கேளுங்கள். டிக்கெட்டை எறியாதீர்கள், நேரமும் தடமும் அதில்தான் இருக்கிறது. கேமரா பதிவு சில வாரத்திலேயே அழிந்து புதுப்பதிவு ஏறிவிடும். எந்தக் கடை கேமரா ரோட்டைப் பார்க்கிறது என்று அன்றே குறித்து மனுவில் சேருங்கள்.

எடையைக் கூட்டி எழுதாதீர்கள். 5 பவுனை 8 என்று எழுதி, பிடிபட்ட நகை 40 கிராம் நின்றால், அது உங்கள் நகைதானா என்ற கேள்வி முதலில் உங்கள் பக்கம்தான் திரும்பும். கல் எடை தனி, தங்க எடை தனி. முறுக்கா, ரெட்டை வடமா, எந்த வளையத்தில் பத்த வைத்திருக்கிறது, தாலியில் எத்தனை குண்டு, எத்தனை காசு, எல்லாம் வேணும். கல்யாண ஆல்பத்தில் அந்த நகை தெரிகிற படம் ஒன்றையும் சேருங்கள்.

மேலப்பாளையம் வாசகி

பில்லு தொலைஞ்சவங்களுக்கு: கடைக் கம்ப்யூட்டர்ல உங்க போன் நம்பரைச் சொன்னா நகல் கிடைக்க வாய்ப்பு உண்டு. 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கின ஹால்மார்க் நகையில 6 எழுத்து-எண் கொண்ட ஹெச்.யு.ஐ.டி.ங்கிற அடையாள எண் இருக்கும். ஹால்மார்க் கொடுக்கிற பி.ஐ.எஸ். அமைப்போட பி.ஐ.எஸ். கேர் செயலியில அந்த எண்ணை அடிச்சா கடை, பொருள், தரம் தெரியும். ஆனா உங்க பேரு வராது. அதனால எண்ணும் பில்லும் சேர்ந்திருந்தாத்தான் பலன். உருக்கிட்டா எண்ணும் போச்சு.

கோர்ட்டு குமாஸ்தா

நகை மீட்கப்பட்ட பிறகுதான் பலர் தடுமாறுகிறார்கள். போலீஸ் மகஜர் (சாட்சிகள் முன் எழுதும் பட்டியல்) எழுதிக் கைப்பற்றியது நீதிமன்றத்துக்குப் போகும். வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பி.என்.எஸ்.எஸ். 497, 503-ன் கீழ் (பழைய வழக்குகளில் சி.ஆர்.பி.சி. 451, 457) இடைக்கால ஒப்படைப்பு மனு போடலாம். சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-ல் உச்ச நீதிமன்றம், படம் எடுத்து, பட்டியல் எழுதி, பிணைப் பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறது. மனுவோடு எஃப்.ஐ.ஆர். நகல், பில், படம், ஜாமீன்தாரர் வேணும். கைக்கு வந்ததும் உருக்கவோ மாற்றவோ விற்கவோ கூடாது. விசாரணைக்குக் கொண்டுவரச் சொன்னால் அதே நகை வரணும்.

அடகுக்கடையில் சிக்கியிருந்தால், கடைக்காரர் அடகுப் பணத்தைக் கட்டச் சொன்னாலும் கட்டாதீர்கள். போலீஸ் மூலமாகவே நடக்கட்டும்.

இன்சூரன்ஸ் இருந்தால் எஃப்.ஐ.ஆர். விவரத்தைக் கம்பெனிக்கு உடனே தெரிவிக்கவும். பிறகு "கண்டுபிடிக்க முடியவில்லை" என்ற போலீஸ் சான்றும் கேட்பார்கள். வெறுமனே தொலைந்ததற்குச் சாதாரண வீட்டுப் பாலிசி பணம் தராது. பாங்க் லாக்கரில் திருட்டு என்றால் பாங்கின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரைதான்.

வள்ளியூர் மதினி

பாலிஷ் போடுறேன்னு வீட்டு வாசல்ல வர்றவங்ககிட்ட கொடுத்து, பவுன் குறைஞ்சு போனா?

டவுன் ஆசாரி

அவங்க முக்குறது ராஜதிராவகம் மாதிரி, தங்கத்தையே கரைக்கிற திராவகம், மதினி. குறைஞ்ச தங்கம் அந்தத் தண்ணிக்குள்ளதான் இருக்கும். மிச்சத்தை விட்டுட்டுப் போயிருந்தா கொட்டாதீங்க, கையும் வைக்காதீங்க. பீங்கான், கண்ணாடின்னா அப்படியே இருக்கட்டும். எவர்சில்வர்னா திராவகம் அதையும் அரிக்கும், தங்கம் பாத்திரத்துலயே படிஞ்சும் கிடக்கும். அதனால பாத்திரத்தையும் கழுவக் கூடாது. முதல்ல போலீஸ்கிட்ட காட்டுங்க. பிறகு தெரிஞ்ச ஆள் பிரிச்செடுப்பாவ. காத்தோட்டமான இடத்துல வைங்க, மூடியை இறுக்கிராதீங்க, உள்ள வாயு சேந்து வெடிச்சிரும்.