கும்மிக்கு மூன்று ஃப்ளாஷ், ஒரே ஃபிரேம்

காங்கயம் பக்கம் ஒரு ஊரில், ராத்திரி கோயில் திடலில் வள்ளி கும்மிப் பயிற்சி நடந்தபோது எடுத்த படம் இது. நிக்கான் எஃப்எம்2, விவிட்டார் 283 ஃப்ளாஷ், 400 ஐஎஸ்ஓ கறுப்பு வெள்ளை ஃபிலிம். எஃப்எம்2-வில் ஃபிலிம் நகராமல் ஷட்டரை மட்டும் ஏற்ற ஒரு குட்டி லீவர் இருக்கிறது, அதனால் வேலை சுலபம்.

மல்டிபிள் எக்ஸ்போஷர் (ஒரே ஃபிரேமில் பல தடவை எடுப்பது) என்றதுமே ‘இரண்டு தடவைக்கு ஒரு ஸ்டாப் குறை, நான்குக்கு இரண்டு குறை’ என்பார்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). பகலுக்குச் சரி. இருட்டில் ஃப்ளாஷோடு அப்படிக் குறைத்தால் ஆள் மங்கலாகத்தான் விழுவார். கறுப்பாக இருக்கும் இடத்தில் ஃபிலிம் வெறுமனே கிடக்கிறது. அடுத்த உருவம் அங்கே விழும்போது அதற்கும் முழு வெளிச்சம் வேண்டும். 283-க்கு 400 ஐஎஸ்ஓவில் கைடு நம்பர் அடிக்கணக்கில் 240; அதைத் தூரத்தால் வகுத்தால் லென்ஸ் துளைக்கான எஃப் எண் கிடைக்கும். ஆடுகிற அக்கா 15 அடியில், ஆக எஃப்16. மூன்று தடவையும் அதேதான். ஷட்டர் 1/125, திடலின் டியூப்லைட் படத்தில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பின்னணியில்தான் சூட்சுமம். தென்னந்தோப்பு 60 அடிக்கு அப்பால்; நான்கு மடங்கு தூரம் என்றால் பதினாறில் ஒரு பங்கு வெளிச்சம்தான் போய்ச் சேரும். கேமராவை அந்தப் பக்கம் திருப்பினேன். ஒப்பிட்டுப் பார்க்க, வெள்ளையடித்த மதிலை வைத்தும் ஒன்று எடுத்தேன். அதில் அக்காவின் உடம்புக்குள் சுவர் தெரிகிறது, பேய்ப்படம் மாதிரி! ஒருமுறை வெளுத்த இடத்தைப் பின்னால் வருகிற கருமை மறைக்காது.

நின்ற இடத்திலேயே குனிந்து நிமிர்ந்து கைதட்டினால் கைகள் அழகாக விரியும், ஆனால் பாதம் மூன்று ஃப்ளாஷையும் வாங்கி வெளுத்துவிடும். நல்லவேளை, கும்மியில் அடியெடுத்து வைத்து நகர்கிறார்கள். ஒவ்வொரு ஃப்ளாஷுக்கும் இரண்டு அடி தள்ளி வரச் சொன்னேன். ஃப்ளாஷ் சார்ஜ் ஆகும்வரை அப்படியே நிற்க வேண்டும். “ஏனுங்க தம்பி, ஒரு போட்டோவுக்கு எத்தன வாட்டி மின்னலடிப்பீங்க?” என்று அலுத்துக்கொண்டார்.

பென்டாக்ஸ் கே1000 போல லீவர் இல்லாத கேமரா என்றால், ரீவைண்ட் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, அடிப்பக்கப் பொத்தானை அமுக்கியபடியே வைண்ட் செய்யலாம். ஃபிரேம் கொஞ்சம் நகரக்கூடும். எனக்கு அதைவிட ட்ரைபாடில் ‘பல்ப்’ (பொத்தானை அமுக்கியிருக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும் அமைப்பு) வைத்து, ஃப்ளாஷைக் கையில் பிடித்து அடிப்பதே மேல். நடுவில் லென்ஸைக் கறுப்பு அட்டையால் மூட வேண்டும், டியூப்லைட்டையும் அணைக்கச் சொல்லிவிடுங்கள்.