டெஸ்டிங், பயிற்சி, டெவலப்பர் அவுட்ரீச்: மூன்றையும் ஒரே வேலையாக அமைத்துக்கொள்வது எப்படி?

கோவை_பேக்எண்ட் கேட்டது:

வணக்கம். பேக்எண்டில் 9 வருட அனுபவம். பெரும்பாலும் ஜாவா, கொஞ்சம் பைத்தான். மேனேஜர் பக்கம் போக விருப்பமில்லை. டீம்களுக்கு நல்ல நிரல் எழுதச் சொல்லித்தருவது, தானியங்கி டெஸ்ட், சிஐ (நிரல் மாறும்போதெல்லாம் தானாகக் கட்டிச் சோதிக்கும் ஏற்பாடு) போன்ற நடைமுறைகளை ஊன்றவைப்பது, வெளியே இருக்கும் டெவலப்பர்களுக்கும் மாணவர்களுக்கும் கற்றுக்கொடுப்பது ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்யும் வேலையைத்தான் தேடுகிறேன்.

உடனடித் தேவை ஒன்று: அடுத்த மாதம் அலுவலகத்தில் 14 பேருக்கு அரைநாள் டிடிடி (முதலில் டெஸ்ட், பிறகு நிரல் என்று எழுதும் முறை) பட்டறை. அதில் என்ன பயிற்சி கொடுக்கலாம்? பட்டறை முடிந்து இரண்டு வாரத்தில் எல்லாரும் பழைய வழிக்கே போய்விடாமல் இருக்க என்ன செய்வது? வெளியுலக வேலையை எங்கிருந்து தொடங்குவது? நிறுவனத்தில் இதை எந்தப் பெயரில், எவ்வளவு நேரத்துக்குக் கேட்பது?

---

சிவப்பு_பச்சை பதில்:

பட்டறையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 14 பேர் என்றால் 7 ஜோடி. தனியாக ஒருவர் சமாளிக்க அதற்கு மேல் வேண்டாம். எங்கேயாவது மாட்டிக்கொண்ட ஜோடியிடம் 5 நிமிடத்துக்குள் நீங்கள் போய் நிற்க வேண்டும். தாமதமானால் அவர்கள் டெஸ்டை ஓரங்கட்டிவிட்டு நிரலை எழுதித் தள்ள ஆரம்பிப்பார்கள்.

மூன்றரை மணி நேரம் கிடைத்தால்: அறிமுகம் 10 நிமிடம், நீங்களே திரையில் டெஸ்ட் எழுதிக் காட்டுவது 20, பிறகு 45 நிமிடப் பயிற்சி மூன்று சுற்று, ஒவ்வொன்றுக்கும் பின் 10 நிமிடக் கலந்துரையாடல், நடுவில் டீ 15. ஸ்லைடு அந்த முதல் 10 நிமிடத்தோடு முடிந்துவிட வேண்டும்.

மூன்று நாள் முன்பே ஒரு ரெப்போவை (நிரல் கோப்புகளின் களஞ்சியம்) அனுப்புங்கள். அதில் வேண்டுமென்றே தோற்கும் டெஸ்ட் ஒன்று மட்டும் இருக்கட்டும். டெஸ்ட் தோற்றால் திரையில் சிவப்பு, தேறினால் பச்சை. அந்தச் சிவப்புத் திரையை ஒவ்வொருவரும் படமெடுத்து அனுப்ப வேண்டும். அலுவலக லேப்டாப்களில் ப்ராக்ஸி தடுப்பதால், லைப்ரரிகளை இறக்கித் தரும் மேவனோ பிப்போ எதையும் இறக்காமல் நிற்பது சாதாரணம். அதைப் பட்டறை அன்று கண்டுபிடித்தால் முதல் ஒரு மணி நேரம் போச்சு. மாற்று ஏற்பாடாக சைபர்-டோஜோ போல உலாவியிலேயே ஓடும் தளம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

பயிற்சிக்கு எல்லாரும் சொல்வது கான்வேயின் கேம் ஆஃப் லைஃப் (கட்டங்களில் உள்ள செல்கள் சில விதிகளின்படி பிழைப்பதும் மடிவதுமான கணக்கு). 2009இல் மிச்சிகனின் ஆன் ஆர்பரில் தொடங்கிய கோட் ரிட்ரீட் என்ற முழுநாள் பயிற்சிக் கூடலில் அதுதான் வழக்கம்: 45 நிமிடம் எழுதுவது, முடிந்ததும் நிரலை அழிப்பது, ஜோடி மாற்றி மறுபடி எழுதுவது. அழிப்பது மிக முக்கியம். முடித்தாக வேண்டும் என்ற அவசரம் போனால்தான் எப்படி எழுதுகிறோம் என்பதில் கவனம் வரும். ஆனால் முழுநாள் இருந்தால்தான் அது சரிப்படும். அரைநாளில் பலர் இரட்டை அடுக்கு அரேயும் திரையில் கட்டம் வரைவதுமாகவே நேரத்தைக் கழித்துவிடுவார்கள்.

உங்கள் ஆட்கள் தமிழர்கள் என்றால் என் பரிந்துரை: ஒரு சொல்லில் எத்தனை தமிழ் எழுத்து என்று எண்ணும் ஃபங்ஷன். கேட்க எளிது, விடை எல்லாருக்கும் தெரியும், ஆனால் கணினி தப்பாகச் சொல்லும். டெஸ்ட்களை இந்த வரிசையில் எழுதவிடுங்கள்: வெற்றுச் சரம் 0. "அ" 1. "க" 1. இதுவரை சரத்தின் நீளத்தை எண்ணும் பைத்தானின் லென் ஃபங்ஷனே போதும். அடுத்து "கா". காலையும் தனியாக எண்ணுவதால் லென் 2 என்கிறது, டெஸ்ட் சிவப்பு. பாடம் இங்கேதான் தொடங்குகிறது. "தமிழ்" என்பதற்கு லென் 5 தரும் (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி), நமக்கு வேண்டியது 3.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எழுத்துகளுக்குக் கணினியில் எண் தரும் யூனிகோட், குறிகளை "எம்என்" (தனி இடம் பிடிக்காதவை), "எம்சி" (இடம் பிடிப்பவை) என்று வகைப்படுத்துகிறது. சிலர் அதைப் பார்த்து "எம்என்" வகைக் குறிகளை மட்டும் கழித்துவிடுவார்கள். "கீ", "க்" இரண்டும் பச்சையாகிவிடும். ஈகாரக் குறியும் புள்ளியும் அந்த வகைதான். ஆனால் "கி", "கா", "கு" எல்லாம் "எம்சி" வகை, அவை சிவப்பாகவே நிற்கும். ஒரே ஒரு உதாரணத்தை வைத்துப் பொதுவிதி கட்டினால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பயிற்சி அரிது.

இரண்டாம் சுற்றில் "கொ". இதை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், எகரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டாகவும் சேமிக்கலாம். எண்ணிக்கை இரண்டிலும் 1 வந்துவிடும். "இரண்டு சொல்லும் ஒன்றா?" என்று ஒரு டெஸ்ட் எழுதச் சொல்லுங்கள், தோற்கும். என்எஃப்சி முறையில் இயல்பாக்கினால் (இரண்டு வடிவத்தையும் ஒரே வடிவமாக்கினால்) பச்சை. ஆனால் "ஔ" என்பதற்குப் பதில் "ஒ"வும் "ள"வும் தட்டப்பட்டிருந்தால் என்எஃப்சி உதவாது, யூனிகோடுக்கு அவை வேறு வேறு. தேடல் பெட்டியில் பெயர் கிடைக்காமல் போகும் உண்மையான பிழைகள் இப்படித்தான் வருகின்றன.

ஜோடியில் வேகமானவர் கீபோர்டை விடமாட்டார். 4 நிமிடத்துக்கு ஒரு மணி அடிக்க வையுங்கள், அடித்ததும் கைமாற வேண்டும். இன்னொரு விதி: டெஸ்டை ஓட்டும் முன், என்ன பிழைச்செய்தி வரும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்றால் அங்கே நின்று பேச விஷயம் இருக்கிறது என்று பொருள்.

---

லெகசி_வேலன் பதில்:

மேலே சொன்னது அருமையான பயிற்சி. ஆனா திங்கட்கிழமை சீட்ல உட்கார்ந்ததும் அவங்க முன்னாடி இருக்கப்போறது 3000 வரி கிளாஸ். புது ஃபங்ஷன்ல டிடிடி பழகினவங்க பழைய நிரலைப் பார்த்ததும் "இங்க இது நடக்காது"ன்னு விட்டுடுவாங்க. இரண்டு வாரத்துல பழைய வழிக்குப் போறதுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான், சோம்பேறித்தனம் இல்லை.

அதனால மூணாவது சுற்றுக்கு கில்டட் ரோஸ் பயிற்சியை வையுங்க. கடைச்சரக்கோட தரம் நாளுக்கு நாள் மாறுற கணக்கு, உள்ளே முழுக்க இஃப்புக்குள்ள இஃப். நிரலைத் தொடுறதுக்கு முன்னாடி இப்போ அது என்ன செய்யுதோ அதையே டெஸ்டா பிடிச்சு வைக்கணும். கச்சேரி டிக்கெட் விதியைப் பாருங்க: 10 நாளுக்கு மேல இருந்தா தரம் 1 ஏறும், 10 நாள் ஆனதும் 2, 5 ஆனதும் 3, கச்சேரி முடிஞ்சா 0. நாள் மதிப்பு 11, 10, 6, 5, 1, 0 ஆறுக்கும் டெஸ்ட் வேணும்.

இதுல அடிக்கடி நடக்குற தப்பு, தொடக்கத் தரத்தை 50னு வைக்கிறது. உச்சவரம்பே 50. அப்போ ஏறுறது 1ஆ 3ஆன்னு தெரியவே தெரியாது, ஆனா டெஸ்ட் எல்லாம் பச்சை. 20ல ஆரம்பிங்க. 49க்குத் தனியா ஒண்ணு எழுதுங்க. அப்புறம் மியூட்டேஷன் டெஸ்டிங் (நிரலை வேணும்னே சின்னதா மாத்தி, டெஸ்ட் பிடிக்குதான்னு பார்க்கிறது) ஓட்டுங்க: ஜாவாவுக்கு பிட், பைத்தானுக்கு மட்மட் (mutmut), ஜாவாஸ்கிரிப்டுக்கு ஸ்ட்ரைக்கர். "11ஐ விடக் குறைவு"ங்கிறதை "11 அல்லது குறைவு"ன்னு அது மாத்திப் பார்க்கும். 11க்கு டெஸ்ட் இல்லைன்னா அந்த மாற்றம் பிடிபடாமத் தப்பிச்சுடும். கவரேஜ் எண் (நிரல்ல எத்தனை வரியை டெஸ்ட் ஓட்டுச்சுங்கிற கணக்கு) எவ்வளவு கம்மியா சொல்லுதுன்னு அப்போ டீமே பார்த்துடும்.

பட்டறைக்கு அப்புறம்தான் உண்மையான வேலை. வாரம் ஒருநாள், ஒரே டீமோட, 6 முதல் 8 வாரம். முதல் 1 மணி நேரம் சின்னப் பயிற்சி, அடுத்த 2 மணி நேரம் அதே உத்தியை அவங்க ஸ்ப்ரிண்ட்ல (ஓரிரு வார வேலைச் சுற்று) இருக்கிற நிஜ டிக்கெட்ல (செய்ய வேண்டிய வேலைக் குறிப்பு), ஒரே திரையில எல்லாரும் சேர்ந்து. 4 - 6 பேர். தட்டுறவர் தானா முடிவெடுக்கக் கூடாது, மத்தவங்க சொல்றதைத்தான் தட்டணும். நீங்க கீபோர்டைத் தொடவே வேண்டாம். தொட்டா வேலை சீக்கிரம் முடியும், அவங்க கத்துக்க மாட்டாங்க.

டிக்கெட்டே தெளிவா இல்லைன்னா டெஸ்டும் தெளிவா வராது. அதுக்கு எக்ஸாம்பிள் மேப்பிங் பண்ணுங்க: மஞ்சள் அட்டையில ஸ்டோரி (பயனருக்கு என்ன வேணும்கிற குறிப்பு), நீலத்துல விதி, பச்சையில உதாரணம், சிவப்புல விடை தெரியாத கேள்வி. 25 நிமிஷம் போதும். சிவப்பு அட்டை குவிஞ்சா அந்த ஸ்டோரியை ஸ்ப்ரிண்டுக்குள்ள எடுக்காதீங்க.

பில்ட் (நிரலைக் கட்டி டெஸ்ட் ஓட்டுறது) 10 நிமிஷத்தைத் தாண்ட விடாதீங்க. தாண்டினா ஆட்கள் காத்திருக்காம மாற்றங்களை ஒண்ணா மொத்தமா மெர்ஜ் பண்ண (பொது நிரல்ல சேர்க்க) ஆரம்பிப்பாங்க. ஒருநேரம் பாஸ், ஒருநேரம் ஃபெயில்னு ஆடுற டெஸ்டைத் தனியா ஒதுக்கி, பொறுப்பாளர் பெயரும் கெடு தேதியும் போடுங்க. கெடு தாண்டினா அழிச்சுடலாம். "ரீரன் பண்ணு, போயிடும்"னு பழகிட்டா நிஜமான ஃபெயிலையும் யாரும் பார்க்க மாட்டாங்க.

2001ல ஸ்னோபேர்ட்ல 17 பேர் கூடி எழுதின அஜைல் அறிக்கையோட 12 கோட்பாடுகள்ல தொழில்நுட்பச் சிறப்புக்குத் தொடர்ந்து கவனம் கொடுக்கணும்கிறதும் ஒண்ணு. ஸ்டாண்டப்பையும் ஸ்ப்ரிண்டையும் எடுத்துக்கிட்டு இதை விட்ட டீம்கள் ஏராளம். நீங்க கேட்கிற வேலையோட மையமே அந்த இடம்தான், தைரியமா அதைச் சொல்லியே கேளுங்க.

---

ஆவணம்_முதலில் பதில்:

வெளியுலக வேலை என்றதும் மேடைப் பேச்சுதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அதைவிடப் பலன் தருவது தொடக்க வழிகாட்டி. உங்கள் நிறுவனத்தின் ஏபிஐயையோ (பிற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் வாசல்) ஏதாவது திறமூல லைப்ரரியையோ எடுத்துக்கொள்ளுங்கள். புதிய லேப்டாப், புதிய ஆள், ஆவணம் மட்டும். 15 நிமிடத்துக்குள் ஏதாவது ஒன்று ஓடுகிறதா? பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், வாயைத் திறக்காதீர்கள். அவர் தயங்கும் ஒவ்வொரு இடமும் திருத்த வேண்டிய வரி.

ஆவணத்தில் இருக்கும் நிரல் துண்டுகளைச் சிஐயில் டெஸ்டாக ஓட்டுங்கள். இங்கேதான் உங்கள் தரப் பின்னணி கைகொடுக்கும். லைப்ரரியின் அடுத்த பதிப்பில் ஒரு ஃபங்ஷன் பெயர் மாறியதும் உதாரணம் உடைந்துவிடும், ஆனால் பில்ட் பச்சையாகவே இருக்கும். படிப்பவர்தான் முதலில் கண்டுபிடிப்பார், கண்டுபிடித்ததும் போய்விடுவார்.

பேச்சுக்கு: 30 நிமிட இடம் கிடைத்தால் 22 நிமிட உள்ளடக்கம் போதும். முன்மொழிவில் "டெஸ்டிங் பற்றி ஓர் அறிமுகம்" என்று எழுதினால் தேர்வாவது கடினம். "தமிழ்ப் பெயர்த் தேடல் ஏன் தோற்கிறது, 6 டெஸ்டில் சரிசெய்வோம்" என்று எழுதி, நிமிடவாரியாகத் திட்டம் கொடுங்கள். நேரலை டெமோவின் ஒவ்வொரு படிக்கும் கிட்டில் (நிரலின் பதிப்புகளைச் சேமிக்கும் கருவி) ஒரு டேக் (அடையாளப் பெயர்) போட்டு வையுங்கள், சிக்கினால் அடுத்த டேகுக்குத் தாவிவிடலாம். எழுத்தளவு 24க்குக் குறையக் கூடாது. டெமோ இணையம் இல்லாமல் ஓட வேண்டும்.

இடம் தேடி அலைய வேண்டாம். சென்னையில் சென்னைபை (பைத்தான் குழு), ஐலக்சி (லினக்ஸ் பயனர் குழு) இருக்கின்றன. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இணையவழியில் தமிழிலேயே கூடுகிறது, கோவையிலிருந்தே கலந்துகொள்ளலாம். எழுத விரும்பினால் கணியம் தமிழில் திறமூலக் கட்டுரைகளை வெளியிடுகிறது. தமிழ் உரையைக் கையாளும் ஓபன்-தமிழ் என்ற பைத்தான் லைப்ரரியின் எழுத்துப் பிரிப்பு நிரலை, மேலே சொன்ன பயிற்சியை முடித்தவர்களுக்குக் காட்டுங்கள். தாங்கள் எழுதியதும் உலகில் புழங்குவதும் எங்கே வேறுபடுகின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

ஒரு கண்டிப்பான விஷயம்: கிளையண்டின் நிரல், லாக், ஸ்கிரீன்ஷாட் எதுவும் வெளியே போகக் கூடாது, பெயரை மறைத்தாலும். பயிற்சிக்கான நிரலைப் புதிதாக எழுதி, அதன் உரிமை யாருக்கு என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு வெளியிடுங்கள்.

---

ஸ்டாஃப்_ஐசி பதில்:

பெயர் பற்றி: டெக்னிக்கல் கோச், குவாலிட்டி கோச், டெவலப்பர் அட்வகேட் என்று தேடுங்கள். ஸ்க்ரம் மாஸ்டர் (டீமின் கூட்டங்களையும் செயல்முறையையும் கவனிப்பவர்) வேறு வேலை, அதில் நிரல் எழுத இடமில்லை. டெவலப்பர் அட்வகேட் பதவி எந்தத் துறையின் கீழ் என்று நேர்காணலிலேயே கேளுங்கள். மார்க்கெட்டிங் கீழ் இருந்தால் பார்வை எண்ணிக்கையும் பதிவு எண்ணிக்கையும்தான் அளவுகோலாகும். இன்ஜினியரிங் கீழ் இருந்தால் ஆவணத் திருத்தம், புதியவர்களின் முதல் புல் ரிக்வெஸ்ட் (தன் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) போன்றவற்றைக் கணக்கில் வைக்க முடியும்.

இப்போதைய நிறுவனத்திலேயே தொடங்குவதுதான் நல்லது. முழுப் பதவியாகக் கேட்காதீர்கள். வாரத்தில் ஒருநாள், 20 சதவீதம், ஒரு காலாண்டு, ஒரே டீம் என்று கேளுங்கள். தொடங்கும் முன்பே நான்கு எண்களைக் குறித்து வையுங்கள்: எவ்வளவு அடிக்கடி டெப்ளாய் (புதிய பதிப்பைப் பயன்பாட்டுக்கு விடுவது), கமிட்டிலிருந்து (மாற்றத்தைச் சேமித்ததிலிருந்து) புரொடக்‌ஷன் வரை எவ்வளவு நேரம், எத்தனை டெப்ளாய் பிரச்சினையில் முடிந்தது, சரிசெய்ய எவ்வளவு நேரம். இவை டீமுக்கானவை. தனிநபர் அப்ரைசலில் நுழைந்தால் எண்களை அழகுபடுத்துவார்கள், பிறகு அவற்றால் பயனில்லை. முதல் சில வாரம் வேகம் குறையும் என்று மேனேஜரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் குறைந்தால் பட்டறை மேல்தான் பழி விழும்.

வாரத்தில் பாதி நேரமாவது உங்கள் கை நிரலில் இருக்கட்டும். அது போனால் டீம் உங்கள் பேச்சைக் கேட்பது நின்றுவிடும்.

கல்லூரிப் பக்கம் யோசித்தால், யுஜிசி 2022இல் கொண்டுவந்த "புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்" முறையில் பிஎச்டி தேவையில்லை, ஆனால் துறையில் குறைந்தது 15 வருட அனுபவம் கேட்கிறார்கள். 9 வருடத்துக்கு இப்போதைக்கு விருந்தினர் விரிவுரைதான் வழி. ஒற்றை நாள் உரையை ஏற்காதீர்கள். ஆய்வகத்தில் 2 மணி நேரம் வீதம் தொடர்ந்து 4 வாரம் கேளுங்கள். கூடவே அந்தத் துறை ஆசிரியர் ஒருவர் உட்கார வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். அடுத்த ஆண்டு அவரே நடத்திக்கொள்வார்.

---

கோவை_பேக்எண்ட் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தமிழ் எழுத்துப் பயிற்சியையே வைக்கிறேன், மூன்றாவது சுற்று கில்டட் ரோஸ். ஒரு சந்தேகம்: "ஸ்ரீ", "க்ஷ" வந்தால் 1ஆ 2ஆ? பட்டறையில் இதற்கே சண்டை வரும் போலிருக்கிறதே.

---

சிவப்பு_பச்சை பதில்:

வரட்டும், நீங்கள் விடை சொல்லாதீர்கள். "ஸ்ரீ"யில் கோட் பாயிண்ட் (யூனிகோடின் தனித்தனி எண்) 4. குறிகளைக் கழித்தால் 2 வரும். சிறுவர் அரிச்சுவடி ஆப் என்றால் 1 என்று கேட்கலாம், குறுக்கெழுத்துப் போட்டி என்றால் கட்டம் எத்தனை என்பதைப் பொறுத்தது. யாராவது ஒருவரை ப்ராடக்ட் ஓனராக (என்ன வேண்டும் என்று முடிவு சொல்பவர்) உட்காரவைத்து, அவரிடம் கேட்டு, வந்த விடையை டெஸ்டின் பெயரிலேயே எழுதச் சொல்லுங்கள். அடுத்த சுற்றில் அவர் முடிவை மாற்றட்டும்: 2 என்றது 1 ஆகட்டும். ஒரு டெஸ்டையும் ஒரு இடத்து நிரலையும் மட்டும் தொட்டு மாற்ற முடிந்த ஜோடி எது, ஐந்தாறு இடத்தில் கைவைக்க வேண்டிய ஜோடி எது என்று இரண்டு திரைகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அந்தக் கடைசி 10 நிமிடக் கலந்துரையாடலுக்கு அது ஒன்றே போதும்.