மண்ணைப் பார்க்கச் சித்திரையில் போங்கள்: செட்டிநாட்டுத் தோட்டங்களில் கண்டவை

கானாடுகாத்தான் பக்கம் எங்களுக்கு ஒரு மானாவாரிப் புஞ்சை உண்டு. அப்பா காலத்தில் கடலையும் வரகும் விளைந்த செம்மண். நடுவில் பல வருஷம் சும்மா கிடந்து சீமைக்கருவேலம் ஏறிவிட்டது. அதை மறுபடி விளைநிலமாக்க வேண்டும், அதுவும் மண்ணுக்கு உயிர் திரும்புகிற மாதிரி செய்ய வேண்டும் என்பதற்காகச் சுற்றுவட்டாரத்துச் சிறு பண்ணைகளையும், ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் தோட்டங்களையும் போய்ப் பார்த்து வருகிறேன். மனதில் நின்றதை இங்கே எழுதுகிறேன். போய் வந்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள்.

பண்ணை பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மார்கழி, தையில்தான் கிளம்புகிறார்கள். அப்போது கண்மாயில் தண்ணீர் கிடக்கும், எல்லார் வயலும் பச்சையாகத்தான் இருக்கும். யார் மண்ணைப் பேணுகிறார், யார் விட்டுவிட்டார் என்று ஒன்றும் தெரியாது. பங்குனிக் கடைசியில், சித்திரையில் போய்ப் பாருங்கள். வெயில் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்துவிடும். நம் சீமையில் மழை குறைவு என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். வருஷத்துக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் பெய்கிறது. அதில் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில நாள்களிலேயே கொட்டிவிடுகிறது. அந்த மழை மண்ணுக்குள் இறங்கியதா, செம்மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடைக்குப் போனதா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சித்திரையில்தான் கிடைக்கும்.

கல்லல் பக்கம் ஒரு பெரியவர் மூன்று ஏக்கர் மேட்டு நிலத்தில் பாடுபடுகிறார். நானும் எல்லாரையும் போல ஜீவாமிர்தம் என்ற உரக் கரைசலுக்கு எத்தனை கிலோ சாணம், எத்தனை கிலோ வெல்லம் என்றுதான் ஆரம்பித்தேன். "கரைசல் கேட்டு வர்றவங்கதான் அதிகம் தம்பி. இந்தக் காட்டுல தண்ணி எங்க நிக்குது, எந்தப் பக்கம் போகுதுன்னு கேக்குறவங்க கம்மி" என்றார். அப்புறம் இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றித் திண்ணையில் வைத்தார். தன் வயலில் மூடாக்குக்கு, அதாவது மண்ணை மூடப் பரப்பிய தழைக்கு, அடியில் எடுத்துக் காயவைத்திருந்த ஒரு மண்கட்டி, எலுமிச்சங்காய் அளவு. வேலிக்கு அந்தப் பக்கம், வருஷா வருஷம் டிராக்டர் ஓட்டும் புஞ்சையிலிருந்து அதே அளவில் இன்னொன்று. இரண்டையும் மெதுவாகத் தண்ணீரில் இறக்கினார்.

உழவுப் புஞ்சைக் கட்டியிலிருந்து குமிழி குமிழியாகக் காற்று வந்தது. அவர் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் ஓரம் உதிர்ந்து, நடுவில் பிளந்து, அடியில் சேறாக உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் செங்காவி நிறமாகிவிட்டது. அவர் வயல் கட்டி அசையவில்லை. உள்ளே போய்க் காபி குடித்துவிட்டு வந்து பார்த்தோம். ஒன்றிரண்டு துகள் விழுந்திருந்தது, தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அதை எடுத்து விரலால் பிட்டுக் காட்டினார். உள்ளே மயிரிழை மயிரிழையாக வேர், குறுக்கே மண்புழு போன ஒரு துளை.

வேரிலிருந்து கசிவதும் பூஞ்சை இழைகளும் சேர்ந்துதான் மண்துகள்களை ஒட்டிப் பிடிக்கின்றன. திரும்பத் திரும்ப உழுது வெயிலில் திறந்து போட்டால் இழை அறுகிறது, மண்ணில் மக்கிய பொருள் கரைந்து போகிறது. பிடிப்பில்லாத மண்ணில் மழை அடித்தால் துகள் சிதறித் துவாரங்களை அடைத்துக்கொள்ளும். காய்ந்ததும் மேலே பொருக்குத் தட்டிவிடும். அதன் மேல் எத்தனை மழை பெய்தாலும் வழிந்து ஓடத்தான் செய்யும். படித்துத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் இரண்டு டம்ளரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு நெஞ்சில் பதிந்துவிட்டது. எங்கள் புஞ்சை அந்தச் செங்காவி டம்ளரில்தான் இருக்கிறது.

அவர் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. முதல் வருஷம் விற்பதற்கென்று எதுவும் போடவில்லை. சரிவுக்குக் குறுக்கே வரப்பு ஏற்றி, வரப்போரம் வாய்க்காலாக வெட்டி, அதன் கரையில் தழை உரத்துக்கான கிளைரிசிடியா மரக்குச்சி ஊன்றினார். ஆடி மழைக்குப் பலதானியம் விதைத்தார். கம்பு, சோளம், தட்டைப்பயறு, கொள்ளு, எள், ஆமணக்கு, சணப்பு, தக்கைப்பூண்டு, கொத்தமல்லி, கடுகு என்று கைக்குக் கிடைத்த அத்தனையும் கலந்து. பூ எடுக்கும் சமயம், சுமார் 50 நாளில், மடக்கி உழுதார். அடுத்த வருஷத்திலிருந்து மடக்கி உழுவதும் இல்லை, அறுத்து அப்படியே மேலே பரப்பிவிடுகிறார். நம் பக்கம் தரிசில் தானாக முளைக்கும் கொழுஞ்சியை அவர் பிடுங்குவதே இல்லை. ஆடு மாடு அதை அதிகம் தீண்டாது, வேர் முடிச்சில் தழைச்சத்தும் சேரும், வெயிலுக்கும் தாங்கும். மண் பரிசோதனை முடிவில் கரிமச்சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு என்று போடுவார்கள். செம்மண் மேட்டு நிலத்தில் பெரும்பாலும் அப்படித்தான் வரும். அதை ஏற்றுவது ஒரு பட்டத்து வேலை இல்லை. ஆரம்பத்தில் விளைச்சல் குறைந்ததையும், அவர் மனைவி வீட்டுச் செலவுக்குக் கோழி வளர்த்துச் சமாளித்ததையும் அவர் மறைக்காமல் சொன்னார். இதைச் சொல்லாமல் பச்சை வயலை மட்டும் காட்டுகிற பண்ணைகளை எனக்குப் பிடிக்கவில்லை. எல்லா எருவும் வெளியிலிருந்து லாரியில் வந்து இறங்கும் ஒரு மாதிரிப் பண்ணையையும் பார்த்தேன். மூன்று ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம் அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

ஆட்டுக்கிடையைத் தனியாகச் சொல்ல வேண்டும். மண்ணை மீட்கும் முறை என்று இன்று உலகம் முழுக்கப் பேசுகிறவர்கள், கால்நடையை வயலில் இறக்கி அடிக்கடி இடம் மாற்றி மேய்க்கச் சொல்கிறார்கள். சிவகங்கை, இராமநாதபுரம் சீமையில் கீதாரிகள், அதாவது ஊர் ஊராக ஆடு மேய்ப்பவர்கள், இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிறார்கள். அறுவடை முடிந்த வயலில் ஒரு கிடை போட்டிருந்ததைச் சாயங்காலம் போய்ப் பார்த்தேன். பகலெல்லாம் தாளும் புல்லும் மேய்ந்த ஆடுகளை இருட்டுவதற்குள் வலைக்குள் அடைத்தார்கள். மறுநாள் வலையை அடுத்த செறுவுக்கு நகர்த்திவிடுவார்களாம். புழுக்கை மட்டும் இல்லை, மூத்திரமும் அந்த இடத்திலேயே இறங்குகிறது. அள்ளிக்கொண்டு போய்க் கொட்டும் எருவில் மூத்திரச் சத்தில் பெரும்பகுதி போய்விடும். "ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறுவருஷம்" என்று சும்மா சொல்லவில்லை. கிடை எழுந்ததும் வெயில் குடிப்பதற்குள் மேலாக ஒரு உழவு போட்டுவிட வேண்டும் என்று கீதாரி சொன்னார். "பாதையெல்லாம் பிளாட்டுக் கல்லு நட்டுட்டாங்கப்பு. தைலமரக் காட்டுல ஆட்டுக்கு என்ன இருக்கு?" என்றும் கேட்டார். மண்ணைப் பற்றிக் கவலைப்படுகிற நாம் இந்த மனிதர்கள் நடக்கிற பாதையைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு மகளிர் குழு, பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டின் பின்கட்டுக்கு அப்பால் உள்ள தோட்டத்தில் காய்கறி போடுகிறது. வீட்டுக்கார ஆச்சி சென்னையில் இருக்கிறார். "கிணத்தைத் தூர்வாரி வச்சுக்கங்க, மரத்தை வெட்டாதீங்க" என்ற இரண்டே நிபந்தனையோடு கொடுத்திருக்கிறார். ஓட்டுக்கூரையிலிருந்து முற்றத்தில் விழும் மழைத் தண்ணீர் வெளியேறும் பழைய வாய்க்காலைத் தேடிப் பிடித்துச் சுத்தம் செய்து, வாழைக்குழிக்குத் திருப்பியிருக்கிறார்கள். அந்தக் குழியின் நடுவில்தான் தெருவிலுள்ள வீடுகளின் காய்கறிக் கழிவும் சருகும் போய்ச் சேருகிறது. சுற்றி வாழையும் சேம்பும். ஆளுக்கொரு பாத்தி என்று பிரித்தபோது அக்கறை உள்ளவர் பாத்தி செழித்தது, மற்றது காய்ந்தது, மனஸ்தாபமும் வந்ததாம். இப்போது பாத்தி எல்லாம் பொது, தண்ணீர் விடும் நாள் மட்டும் ஆளுக்கு ஒன்று. கத்தரி விதையைச் சாம்பலில் பிரட்டி வைத்திருந்த அக்காவிடம் கொஞ்சம் கேட்டேன். "வெறுங்கையா கேக்கக் கூடாது, அடுத்த தடவ வேற விதை கொண்டாந்து வாங்கிக்க" என்று சிரித்தார். அவரிடம் கொடுப்பதற்காகவே நாட்டு அவரை விதை எடுத்து வைத்திருக்கிறேன்.

மண் பரிசோதனைக்குக் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். செட்டிநாட்டிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் மானாவாரி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ரகம் பற்றி அங்கே விசாரிக்கலாம். போகிற இடம் எதுவானாலும் முன்னாலேயே போன் செய்துவிட்டுப் போங்கள். அது அவர்கள் வீடு, பாடுபடும் நேரம். விளைந்ததில் ஏதாவது காசு கொடுத்து வாங்குங்கள். முடிந்தால் ஒரு மணி நேரம் களை எடுங்கள். பேசிக்கொண்டே வேலை செய்யும்போது அவர்கள் சொல்கிற விஷயம், நின்று குறிப்பெடுக்கும்போது வராது.

*

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து:

நான் இருப்பது கண்மாய்ப் பாசனத்தில். காய்ந்த மண்ணில் புழுதி விதைப்பாகக் கருப்புக் கவுனி நெல் போடும் ஒரு அண்ணன் வயலைப் பார்த்துவிட்டு வந்துதான் நானும் இறங்கினேன். கவுனி 150 நாள் வரை போகும், ஆள் இடுப்புக்கு மேல் வளரும். யூரியா போட்டால் தழைத்துக்கொண்டு சாய்ந்துவிடும். அதனால் உரம் போடாதபடி நெல்லே நம் கையைக் கட்டிப்போட்டுவிடுகிறது என்பார் அவர். அவரிடம் நான் முக்கியமாகக் கற்றது நெல்லுக்கு அடுத்த பயிரைப் போடும் விதம். கதிர் முற்றி, வயலில் காலை வைத்தால் ஈரம் லேசாக ஒட்டும் பதத்தில், அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே நெல்லுக்குள் உளுந்தை வீசிவிடுகிறார். அறுத்ததும் தாளுக்கு நடுவில் உளுந்து தலை தூக்குகிறது. உழவு கிடையாது, தனித் தண்ணீர் கிடையாது, மிச்ச ஈரத்திலும் பனியிலும் வந்துவிடுகிறது. பக்கத்து வயல்கள் மாசியில் வெடித்துக் கிடக்கும்போது இவருடையது மூடியே இருக்கும். மேட்டுப் புஞ்சைக்கு இது ஆகாது. கண்மாய் ஒழுங்காகப் பெருகிய வருஷத்தில் மட்டும் செய்யுங்கள். ஆடு மாட்டை அவிழ்த்துவிடும் வழக்கம் இருக்கும் ஊரில் பக்கத்து வயல்காரர்களையும் சேர்த்துக்கொண்டு செய்தால்தான் மிஞ்சும்.

*

திருப்பத்தூரிலிருந்து:

எங்களுக்கு வேட்டங்குடி பறவைகள் சரணாலயம்தான் பள்ளிக்கூடம். கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அங்கே ஒரு சிறு விவசாயியோடு வயலில் நடந்தபோது அவர் காட்டியது வேறு. நாரையும் கொக்கும் கூடு கட்டும் கண்மாயில் எச்சம் விழுந்து கலந்த தண்ணீர்தான் மடை வழியாக அவர் வயலுக்கு வருகிறது. உரச் செலவில் பாதி பறவையால் மிச்சம் என்கிறார். கண்மாய் வற்றும்போது வண்டல் எடுத்து மேட்டு நிலத்துக்கு அடிப்பதும் நம் பழைய முறைதான். இப்போது தாசில்தார் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி எடுக்கலாம். செம்மண்ணில் ஈரம் பிடித்து வைக்க வண்டலைப் போல ஒன்று இல்லை.

இயற்கை வேளாண்மைக்கு உழைத்த நம்மாழ்வார் ஐயாவின் வேலையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கடவூரில் அவர் தொடங்கிய வானகம் பண்ணைக்கு மட்டும் போகிறார்கள். புதுக்கோட்டை மாவட்டம் ஒடுகம்பட்டியில் உள்ள கொழுஞ்சிப் பண்ணை நமக்குப் பக்கம். நம் மண்ணைப் போலவே வறண்ட பூமி.

*

புதுவயலிலிருந்து:

எல்லாரும் மூடாக்கு மூடாக்கு என்கிறீர்கள். நான் வைக்கோல் பரப்பிய இடத்தில் கரையான்தான் ஏறியது. நட்ட கொய்யாக் கன்றில் இரண்டு போய்விட்டது. இதற்கு யாராவது வழி பார்த்திருக்கிறீர்களா?

*

புதுவயல்காரருக்கு:

இதே கேள்வியைக் கல்லல் பெரியவரிடம் நானும் கேட்டேன். கரையான் தேடி வருவது காய்ந்த, செத்த பொருளைத்தான். பச்சை வேரில் ஈரம் ஓடும்வரை பெரும்பாலும் தொடாது. வாடி நிற்கும் இளங்கன்றைத்தான் பிடிக்கும். அதனால் தண்டைச் சுற்றி ஒரு சாண் வெறும் மண்ணாக விடச் சொன்னார். நடும் குழியில் வேப்பம் புண்ணாக்கு ஒரு கை. வைக்கோலை மட்டும் போடாமல் கிளைரிசிடியா, எருக்கு, ஆவாரைத் தழையை முதலில் போட்டு அதன் மேல் வைக்கோல். கடலை போட்ட இடத்தில் காய் முற்றும் நேரத்தில் காய்ந்த மூடாக்கு வேண்டாம், வறட்சியில் கரையான் கடலைக்காயின் ஓட்டைச் சுரண்டிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் போடும் நேரம். காய்ந்த மண்ணின் மேல் காய்ந்த வைக்கோலைப் பரப்பினால் அது கரையானுக்குப் போட்ட பந்தி. முதல் சாரலையும் வைக்கோலே குடித்துவிடும். வரகு வைக்கோல் இப்போது கிடைத்தால் வாங்கிப் போர் போட்டு வையுங்கள். ஐப்பசியில் நல்ல மழை இரண்டு இறங்கி, ஒரு முழம் ஆழத்துக்கு மண் நனைந்த பிறகு பரப்புங்கள்.