நீர்வேலியில ரவர், கொக்குவிலில ஸ்ரூடியோ: 300 வொற் எஃப்எம் காணுமோ?

பனங்கூடல்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கட சனசமூக நிலையத்தால சின்ன எஃப்எம் வானொலி ஒண்டு தொடங்க யோசிக்கிறம். தோட்டக்காரருக்கான தகவல், பிள்ளையளுக்குப் பாட நிகழ்ச்சி, ஊர்ச் செய்தி, திருவிழா நேரடி ஒலிபரப்பு, இவ்வளவும்தான். ஸ்ரூடியோ கொக்குவிலில. ரவருக்கு நீர்வேலிப் பக்கம் தோட்டக்காணி ஒண்டு கிடைக்கும், நேர்கோட்டில 8 கிலோமீற்றர். வலிகாமமும் தென்மராட்சியில பாதியும் கேட்டால் போதும். இணையத்தில 300 வொற் ரான்ஸ்மிற்றரும் அதில இருந்து அன்ரெனாவுக்குப் போற ஆர்ஜி 213 கேபிளும் ஒரு செற்றாப் போட்டிருக்கினம். 30 மீற்றர் ரவரில ஏத்தினால் சரிவருமோ, இல்லாட்டி 1 கிலோவொற் வாங்க வேணுமோ?

அலைவரிசை:
காசு கட்டிறதுக்கு முதல் அனுமதியைப் பாருங்கோ. அது இரண்டு இடத்தில எடுக்க வேண்டியது. ஒலிபரப்பு நடத்திற உரிமத்தை 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின்ர 44ஆம் பிரிவின்படி அமைச்சர் குடுக்க வேணும். அலைவரிசையை 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு ஒதுக்க வேணும். ஒண்டு மட்டும் கையில இருந்து பிரயோசனமில்லை. ஆணைக்குழுவின்ர அனுமதி இல்லாத ரான்ஸ்மிற்றர் சுங்கத்தில நிண்டிடும்.

சமூக வானொலிக்கெண்டு அந்த 66ஆம் ஆண்டுச் சட்டத்தில தனி வகை இல்லை. 1989இல தொடங்கின கொத்மலை சமூக வானொலிகூடக் கூட்டுத்தாபனத்தின்ர கீழதான் நடந்தது. அதால கூட்டுத்தாபனத்தோட கதைச்சு, இருக்கிற அலைவரிசையில நேரம் கேட்டுப் பாக்கிறதுதான் ஒரு சனசமூக நிலையத்துக்குக் கிட்டின வழி எண்டு நான் நினைக்கிறன்.

பலாலி விமான நிலையத்தையும் மறக்க வேண்டாம். ரவர் உயரத்துக்கு விமானப் போக்குவரத்து அதிகாரசபையிட்டயும் கேக்க வேணும். எஃப்எம் 108 மெகாஹேர்ட்ஸில முடியிற இடத்திலயே விமான வழிகாட்டிப் பட்டை தொடங்குது. ஒரே ரவரில 107.0, 104.0 எண்டு இரண்டு நிலையம் இருந்தால், வடிகட்டி சரியில்லாட்டி இரண்டும் கலந்து 110.0இல ஒரு போலி அலை பிறக்கும். 107ஐ இரட்டிச்சு 104ஐக் கழிச்சால் வாற கணக்கு அது. ஓடுபாதைக்கு விமானத்தை நேராக்கிற கருவியள் வேலை செய்யிற பட்டை அது. இதில விளையாடேலாது.

செப்புக்கம்பி:
வொற்றைப் பற்றின கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ. யாழ்ப்பாணம் தட்டையான நிலம், ஏறி நிக்க ஒரு மலை இல்லை. இங்க உயரம்தான் எல்லாம். ரவரின்ர உயரத்தை மீற்றரில எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12ஆல பெருக்கினால் வானொலி அடிவானம், அதாவது அலை நேராப் போய்ச் சேரக்கூடிய தூரம், கிலோமீற்றரில வரும். 30 மீற்றருக்கு 22 சொச்சம், 60 மீற்றருக்கு 32 அளவில. அந்த எல்லைக்குள்ளயும் உயரத்தை இரட்டிக்கிறது ஏறத்தாழ 6 டெசிபெல் கூட்டும், அதாவது வொற்றை நாலு மடங்காக்கிற மாதிரி. 1 கிலோவொற்றுக்குக் குடுக்கிற காசை இரும்பில போடுங்கோ.

அடுத்தது கேபிள். அந்த ஆர்ஜி 213ஐ வாங்கவே வேண்டாம். 100 மெகாஹேர்ட்ஸில அது 100 மீற்றருக்கு 6.5 டெசிபெல்லுக்கு மேல தின்னும். 60 மீற்றர் ரவரெண்டால் கேபிள் 70 மீற்றர் வரும், 300 வொற் போட்டால் மேல போய்ச் சேருறது 100 வொற்தான். மிச்சம் கேபிளைச் சூடாக்கும். முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடின, 7/8 அங்குல நுரைக் கேபிள் போட்டால் 245 வொற் அளவில மேல போகும்.

அன்ரெனாவுக்கு நாலு டைபோல் (நடுவில கேபிள் பூட்டிற இரண்டு கைக் கம்பி), செங்குத்தா, 2.5 மீற்றர் இடைவெளியில. கார் அன்ரெனா செங்குத்துத்தானே. நாலுக்கும் போற கேபிள் ஒரே நீளமா இருக்கோணும். பூட்டேக்க ஒண்டைக் கவனியுங்கோ: நாலு டைபோலும் ஒரே பக்கம் தலை வைச்சு நிக்கோணும். ஒண்டு தலைகீழாப் போனால் அதின்ர அலை மற்றதுகளை அழிக்கும், ஊர்ப் பக்கம் கிடையாப் போற சக்தி கால்வாசியாக் குறைஞ்சிடும். அன்ரெனா ஏற்காமல் ரான்ஸ்மிற்றருக்குத் திரும்பி வாற சக்தியைக் காட்டிற மீற்றர் நல்லாத்தான் காட்டும், அதால கீழ நிக்கிறவருக்குப் பிழை தெரியாது. மேல ஏத்திறதுக்கு முதல் ஒவ்வொண்டிலயும் மேற்பக்கத்துக்குப் பெயின்ற் அடையாளம் போடுங்கோ.

பனங்கூடல்:
நன்றி அண்ணை. கேபிளைக் கைவிட்டாச்சு. ஸ்ரூடியோவில இருந்து ரவருக்கு நிகழ்ச்சியை அனுப்ப 5.8 கிகாஹேர்ட்ஸ் கம்பியில்லா லிங்க் போட நினைச்சம். நடுவில பனை மரங்கள் நிக்குது, இடையில வெளி தெரியுது. பிரச்சினை வருமோ?

அலைவரிசை:
வரும். கண்ணுக்கு மறு கரை தெரிஞ்சால் காணாது. அந்த அலைக்கு நடுவில தடிப்பான வெளி வேணும். 8 கிலோமீற்றருக்கு 5.8இல அந்த வெளியின்ர நடு ஆரம் 10 மீற்றர். அதில 60 வீதமாவது, 6 மீற்றராவது, மறைப்பில்லாமல் கிடக்கோணும். பனை 20 மீற்றரெண்டால் நடுப்பகுதியில லிங்க் கோடு 26 மீற்றருக்கு மேலால போகோணும், வடலி வளரும் எண்டதையும் சேர்த்து யோசியுங்கோ. வறண்ட நாளில வேலை செய்து, மழையில ஓலை நனைஞ்சு காத்தில ஆடேக்க சத்தம் விட்டு விட்டு வரும். கொக்குவில் பக்கத்திலயும் 25, 30 மீற்றர் கம்பம் வேண்டி வரலாம். அது கட்டுப்படியாகாட்டி ஃபைபர் இணைப்பு எடுத்து அதால அனுப்புங்கோ.

அனுமதி வரும் வரைக்கும் சும்மா இருக்காமல் இணையத்தில தொடங்கலாம். 64 கிலோபிற் வேகத்தில ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு நேயருக்கு 29 மெகாபைற்தான் போகும். நூறு பேரைத் தாங்கிற பாரத்தை வாடகைச் சேர்வருக்குக் குடுங்கோ, வீட்டு றூற்றருக்கு வேண்டாம். பாட்டுகளுக்கு உரிமை எடுக்க வேணும், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இணையத்துக்கும் பொருந்தும்.

செப்புக்கம்பி:
எர்த்தைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. நீர்வேலியில செம்மண்ணுக்குக் கீழ சுண்ணாம்புக்கல். கம்பி அடிச்சால் பாதியில கல்லில முட்டி வளையும். அதால கிடையாப் போடுங்கோ: ரவர் அடியில இருந்து மூண்டு நாலு திசைக்கு 10, 15 மீற்றர் கான் வெட்டி, செப்புப் பட்டியைப் புதைச்சு, பென்ரனைற் களிமண்ணால மூடுங்கோ. ரவர், கேபிளின்ர வெளிக்கவசம், மின்சார எர்த், எல்லாம் ஒரே இடத்தில சேரோணும். தோட்டக் கிணத்துக்குள்ள எர்த் கம்பி இறக்கிறதை மட்டும் செய்யாதேங்கோ. இடி விழேக்க தண்ணி அள்ளிறவருக்கு அது உயிராபத்து.

ஐப்பசி, கார்த்திகை மழையில நிலையங்கள் நிக்கிறதுக்குப் பெரும்பாலும் காரணம் கொனெக்ரருக்குள்ள போற தண்ணி. திரும்பி வாற சக்தியை ஒவ்வொரு நாளும் கொப்பியில எழுதுங்கோ. 300 வொற்றில 2, 3 வொற் நல்லது. மழைக்குப் பிறகு 12ஐத் தொட்டால் எங்கயோ ஈரம். கொனெக்ரரைப் பூட்டின கையோட தானா ஒட்டிற ரப்பர் ரேப்பை இழுத்துச் சுத்தி, அதுக்கு மேல பிவிசி ரேப்பைக் கீழ இருந்து மேல் நோக்கிச் சுத்துங்கோ, ஓடு வேயிற மாதிரி மேல் சுத்து கீழ் சுத்தை மூடி நிக்கோணும். மேல இருந்து கீழ சுத்தினால் ஒவ்வொரு விளிம்பும் தண்ணிக்கு வாய் திறந்து நிக்கும். கட்டடத்துக்குள்ள கேபிள் நுழையிற இடத்தில ஒருக்காத் தாழ்த்தி வளைச்சு விடுங்கோ, சொட்டு அந்த வளைவில விழுந்திடும், ரான்ஸ்மிற்றருக்குப் போகாது.