மறு: பொங்கல் மலருக்கான படங்கள் ஊருக்கு ஏன் போய்ச் சேரவில்லை

அன்புள்ள ஊரவர்களுக்கு வணக்கம்.

பொங்கல் மலருக்குப் பழைய படங்களை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, பதில் வராததால் போன கிழமை இந்தக் குழுவில் நான் கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன். "மூன்று மடல் போட்டாயிற்று, ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வரி பதில் எழுத நேரமில்லையா?" என்று கேட்டது நான்தான். செயலாளர் தம்பி அதற்கு இங்கே பதில் எழுதவில்லை. முல்லைத்தீவுப் பக்கம் எங்கள் ஊரான முள்ளியவளையிலிருந்து நேரே போன் எடுத்தார். "அண்ணை, ஒண்டும் வரேல்லை. ஒண்டு கூட." குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

அன்றிரவு என் மின்னஞ்சல் பெட்டியைத் துழாவினேன். ஸ்பாமுக்குள் 'மெயிலர் டீமன்' என்ற பெயரில் மூன்று மடல்கள் கிடந்தன. அந்தப் பெயரைப் பார்த்து வைரஸ் என்று பயந்து அழிப்பவர்கள் நம்மில் உண்டு; நானும் முன்பு அழித்திருக்கிறேன். அது கொடுக்க முடியாத கடிதத்தைத் திருப்பிக் கொண்டுவரும் தபால்காரன் மாதிரி. உள்ளே 552 என்று ஓர் எண், மடல் அளவுக்கு மேல் பெரிது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அனுப்பி ஒரு நிமிடத்துக்குள் மூன்றுமே திரும்பி வந்திருக்கின்றன.

இத்தனைக்கும் நான் கணக்குப் பார்த்துத்தான் அனுப்பினேன். பெரியப்பா எண்பதுகளில் எடுத்த 14 படங்கள்: சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுப்பது, காட்டு விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கெரிவது, வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் போகும் சனம். ஊரில் இருந்த பிரதிகள் 2009 இடப்பெயர்வோடு போய்விட்டன, இங்கே ஒஸ்லோவில் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் இவை மிஞ்சின. எல்லாம் சேர்த்து 27 எம்.பி. தம்பியின் முகவரி அவர் வேலை செய்யும் இடத்தினுடையது, அங்கே எல்லை 10 எம்.பி. என்று அவரே சொல்லியிருந்தார். மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றும் 9 எம்.பி. ஆக அனுப்பினேன். சரிதானே?

சரியில்லை. மின்னஞ்சல் என்பது எழுத்துகளை மட்டும் கொண்டுபோகப் பிறந்த சாமான். படத்தை அதில் ஏற்ற வேண்டுமென்றால் முதலில் எழுத்துகளாக மாற்ற வேண்டும். மூன்று பைட் நான்காகிவிடும். வரி முறிவுகளையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊதும். என் 9, வழியில் 12ஐத் தாண்டிவிட்டது. ஜிமெயில் 25 எம்.பி. வரை அனுப்ப விடுகிறது என்பதை நம்பிப் பலன் இல்லை. வாசல் எவ்வளவு அகலம் என்பது வாங்குபவர் பக்கத்துச் சங்கதி. 10 எம்.பி. எல்லை உள்ள முகவரிக்கு 7 எம்.பி. வரை அனுப்பலாம், அதற்கு மேல் வேண்டாம்.

552 வந்தால் அதே மடலை மறுபடி மறுபடி அனுப்புவதில் அர்த்தமே இல்லை. ரொறன்ரோவிலிருந்து எழுதிய அக்காவின் கதை வேறு: அவர் அனுப்பியது நாலைந்து நாள் கழித்துத்தான் திரும்பியது. அது பெட்டி நிறைந்த கோளாறாக இருக்கலாம். ஜிமெயிலில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி. மடலுக்கும், கூகிளின் இணையச் சேமிப்பிடமான டிரைவுக்கும், போட்டோக்களுக்கும் பொது. போனில் எடுத்த கலியாணவீட்டு வீடியோக்கள் தானாக ஏறி அதை நிரப்பிவிடும். அப்போது அனுப்பும் செர்வர், இடம் வருமோ என்று சில நாள் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கைவிடும்.

சிப் பண்ணி, அதாவது கோப்பைச் சுருக்கி, அனுப்பச் சொல்லி இரண்டு பேர் யோசனை சொன்னீர்கள். நன்றி, ஆனால் ஜேபெக் படம் ஏற்கெனவே பிழிந்த தேங்காய்ப்பூ, அதில் இன்னும் பால் வராது. படத்தைச் சின்னதாக்கலாம். மலரில் அச்சிட அதுவும் ஆகாது. 4க்கு 6 அங்குலப் படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கான் பண்ணினால் 2400க்கு 3600 புள்ளிகள் வரும். அச்சுக்கு 300 போதும் என்பதால் 8க்கு 12 அங்குலம் வரை பெரிதாக்கலாம். அதை வீணாக்க மனம் வரவில்லை. வட்ஸ்அப்பில் படமாகப் போட்டால் அது தானே நசுக்கிவிடும். கட்டாயம் என்றால் 'டொக்குமென்ட்' என்று தெரிந்து அனுப்புங்கள்.

கடைசியில் டிரைவில் ஏற்றி இணைப்பை (லிங்கை) மட்டும் அனுப்பினேன். அதிலும் ஒரு தடுமாற்றம். 'இணைப்பு உள்ள எவரும்' என்று மாற்ற மறந்துவிட்டேன். தம்பி ஊரில் விடிய ஐந்து மணிக்குத் திறக்கப் பார்த்து அனுமதி கேட்டிருக்கிறார், இங்கே எனக்கு நடுச்சாமம் கழிந்து ஒன்றரை. காலையில் எழும்பித்தான் கொடுத்தேன். இணைப்பில் இன்னொரு நன்மை: போன் டேட்டாவைக் கரைக்காமல், வைஃபை கிடைக்கும் இடத்தில் ஆறுதலாக இறக்கிக்கொள்ளலாம்.

14 படமும் வந்துவிட்டதாக நேற்று எழுதியிருந்தார். தம்பி, எல்லோருக்கும் முன்னால் கேட்டதற்கு எல்லோருக்கும் முன்னாலேயே மன்னிப்பும் கேட்கிறேன்.

ஆறாவது படத்தில் விளக்குக்கு இடப்பக்கம் சால்வையோடு நிற்பவர் யாரென்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சின்னதாக்கி இத்துடன் இணைத்திருக்கிறேன், 180 கே.பி. தான். அடையாளம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். படம் வந்து சேராதவர்களும் எழுதுங்கள்.